எந்தச் சிரையைத் தொடுவது? கைக்குழந்தையின் இதய அறுவையும் சென்ட்ரல் லைனும்

இதய அறுவைக்குப் போகும் கைக்குழந்தைக்கு சென்ட்ரல் லைன் (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய சிரைக்குள் விடும் மெல்லிய குழாய்) எங்கே போடுவது என்று கேட்டால், "கை பழகின இடத்தில்" என்பதுதான் பல அறுவை அரங்குகளில் கிடைக்கும் பதில். அதைத் தவறென்று சொல்லமாட்டேன். மூன்று கிலோ எடையுள்ள உடம்பில் ஊசி பிடிப்பவரின் பழக்கமே ஒரு பெரிய பாதுகாப்பு. ஆனால் அது பாதிப் பதில்தான். இந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை அறுவைகள் காத்திருக்கின்றன, அவற்றுக்கு எந்தெந்தச் சிரை அடைபடாமல் இருந்தாக வேண்டும் என்பது மீதிப் பாதி. இன்றைக்குச் சுலபமாகக் கிடைக்கிற சிரை, நான்கு வயதில் இதே பிள்ளைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழியாக இருக்கலாம்.

பயிற்சியில் இருக்கும் மயக்கவியல் மருத்துவர்கள், குழந்தைகள் ஐசியு செவிலியர்கள், "கழுத்துல எதுக்கு டாக்டர் குத்தியிருக்கீங்க?" என்று பதறிப்போய்க் கேட்கும் பெற்றோர் ஆகியோரை நினைத்தே இதை எழுதுகிறேன்.

லைன் எதற்கு, எவ்வளவு பெரியது

அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் பைபாஸ் இயந்திரத்திலிருந்து வெளியே வரும் இதயத்துக்கு அட்ரினலின், மில்ரினோன், கால்சியம் போன்ற மருந்துகள் இடைவிடாமல் தேவைப்படும். கையில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் என்ற சிறு ஊசிக்குழாய் வழியாக அட்ரினலினோ கால்சியமோ ஓடும்போது ஊசி நழுவிக் கசிந்தால், அந்த இடத்துத் தோல் கறுத்து, புண்ணாகி, தழும்பாகிவிடும். மருந்து அரை நிமிடம் நின்றால்கூட ரத்த அழுத்தம் சரியும். அதனால் இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய சிரையில் நுனி நிற்கும்படி ஒரு குழாய் வேண்டும். அதன் வழியாகவே இதயத்துக்கு வந்து சேரும் ரத்தத்தின் அழுத்தத்தை அளக்கலாம், பரிசோதனைக்கு ரத்தமும் எடுக்கலாம். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறத்தாழ 250 மில்லி, ஒரு டம்ளர் பால் அளவு. அதில் 30 மில்லி இழந்தால் உடனே ஈடுகட்ட வேண்டும். அதற்கும் நல்ல வழி ஒன்று திறந்திருக்க வேண்டும்.

குழாயின் அளவைத்தான் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ஃப்ரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பச்சிளங்குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் 4 ஃப்ரெஞ்ச் இரட்டை வழிக் குழாயின் வெளி விட்டம் 1.33 மி.மீ. அது 4 மி.மீ. கழுத்துச் சிரையின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். அதே குழாயை 3 மி.மீ. தொடைச் சிரைக்குள் விட்டால் விட்டத்தில் 44 சதவீதம் போய்விடும். அங்கேயே 5 ஃப்ரெஞ்ச் போட்டால் விட்டத்தில் பாதிக்கு மேல் அடைபடும். குழாயைச் சுற்றி ரத்தம் ஓட இடமில்லாத சிரையில் ரத்தக்கட்டு வருவதில் வியப்பில்லை. பைபாஸ் முடிந்த உடம்பில் அழற்சி இருக்கும், ரத்த ஓட்டமும் மந்தமாக இருக்கும். நீலம் பாரித்த பிள்ளையின் ரத்தம் கெட்டியாகவும் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்துதான் இதயக் குறையுள்ள கைக்குழந்தைகளை மற்றப் பிள்ளைகளைவிட ரத்தக்கட்டுக்கு அதிகம் ஆளாக்குகின்றன. எந்த இடத்தைத் தேர்ந்தாலும், முதலில் அல்ட்ராசவுண்டில் சிரையை அளந்துவிட்டு அதன் பிறகு குழாயின் உறையைப் பிரிப்பதே முறை.

வலது கழுத்து

இரண்டு வென்ட்ரிக்கிள்களும் (இதயத்தின் கீழறைகள்) நல்லபடியாக உள்ள பிள்ளைக்கு நான் முதலில் பார்ப்பது வலது கழுத்துச் சிரையைத்தான். அங்கிருந்து, தலை, கைகளின் ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை வழியாக வலது ஏட்ரியத்துக்கு (இதயத்தின் மேலறை) பாதை நேராக இறங்குகிறது. அரங்கில் மயக்க மருத்துவர் நிற்பதும் தலைமாட்டில்தான், லைன் எப்போதும் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்கும். இடது பக்கம் குழாய் வளைந்து போக வேண்டும், நுனி மேற்பெருஞ்சிரையின் சுவரில் முட்டி நிற்கும் வாய்ப்பு உண்டு. உடம்பின் பெரிய நிணநீர்க் குழாய் வந்து சேருவதும் இடது கழுத்தின் அடியில்தான். போதாக்குறைக்கு, பிறவி இதயக் குறை உள்ளவர்களில் கணிசமான பேருக்கு இடது பக்கமும் ஒரு மேற்பெருஞ்சிரை இருக்கும். அதில் போன குழாய் இதயத்தின் சொந்தச் சிரைக்குழிக்குள் போய் நிற்கும். எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் அந்த ஒரு வரியைப் படிக்காமல் இடது பக்கம் ஊசி எடுக்கக் கூடாது.

கைக்குழந்தையின் கழுத்து குட்டை, தலை பெரியது. கழுத்துச் சிரை தமனியின் பக்கத்தில் மட்டுமல்ல, பல பிள்ளைகளுக்கு அதன் மேலேயே படுத்திருக்கும். தலையை அதிகம் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தோளுக்கு அடியில் சின்ன மடிப்புத் துணி வைத்து, தலையைக் கொஞ்சம் மட்டும் சாய்த்து, ஈரலை மெதுவாக அழுத்தினால் சிரை விரியும். அல்ட்ராசவுண்ட் புரோபை அழுத்திப் பிடித்தால் அதே சிரை காணாமல் போய்விடும். கழுத்து லைனுக்கு அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தச் சொல்லி சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2002-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது, குழந்தைகளையும் சேர்த்துத்தான். இன்றைக்கும் கைத்தடவலில் குத்துவதற்கு இதயக் குழந்தைகள் விஷயத்தில் எந்த நியாயமும் இல்லை என்பதே என் கருத்து.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமாக ஊசியில் வரும் ரத்தம் செக்கச்செவேலென்று பீறிட்டால் தமனி, கருத்து வழிந்தால் சிரை என்று சொல்லிக்கொடுப்பார்கள். நீலக் குழந்தையிடம் இந்தப் பாடம் செல்லாது. ஆக்சிஜன் அளவு எழுபதில் இருக்கும் பிள்ளையின் தமனி ரத்தமும் கருப்பாகத்தான் வரும், அழுத்தம் குறைவாக இருந்தால் பீறிடவும் செய்யாது. நிறத்தை நம்பி, துளையை அகலமாக்கும் டைலேட்டரைத் தமனிக்குள் செலுத்திவிட்டு, அரை மணி நேரத்தில் பைபாஸுக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முழு அளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஊசி வழியாக விட்ட வழிகாட்டிக் கம்பி சிரைக்குள்தான் இருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் நீளவாக்கில் பார்த்தோ, ஊசியில் அழுத்தம் அளந்தோ உறுதி செய்யாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

ஆழத்துக்கு நான் கையாளும் கணக்கு எளியது. ஒரு மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு, சென்டிமீட்டரில் உயரத்தைப் பத்தால் வகுத்து ஒன்றைக் கழித்தால் வலது கழுத்து லைனின் ஆழம் வரும். 50 செ.மீ. நீளமுள்ள பிள்ளைக்கு 4 செ.மீ. அரங்கில் உணவுக்குழல் வழி எக்கோ இருந்தால் நுனியைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம், எக்ஸ்-ரேயில் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடம் நல்ல அடையாளம். நுனி ஏட்ரியத்துக்குள் ஆழமாகப் போய்ச் சுவரை உரசிக்கொண்டே இருந்தால் அது துளைத்து இதய உறைக்குள் திரவம் சேரும் ஆபத்து உண்டு. பச்சிளங்குழந்தையின் ஏட்ரியச் சுவர் அவ்வளவு மெல்லியது. அறுவை மருத்துவருக்கும் ஆழம் முக்கியம்: மேற்பெருஞ்சிரையில் அவர் பைபாஸ் குழாய் நுழைத்து நாடாவால் இறுக்கும் இடத்தில் நம் லைனும் கிடந்தால் நசுங்கும், தையலில்கூட மாட்டிக்கொள்ளலாம்.

கழுத்து லைனுக்கு இன்னொரு பயன் உண்டு. பைபாஸ் நடக்கும்போது மேற்பெருஞ்சிரையில் உள்ள குழாய் திரும்பியோ மடங்கியோ போனால், தலையிலிருந்து ரத்தம் வடிய வழியில்லாமல் மூளையில் தேங்கும். நுனி அந்த நாடாவுக்கு மேலே இருந்தால், கழுத்து லைனின் அழுத்தம் சட்டென்று ஏறி அதைக் காட்டிக்கொடுக்கும். தொடையில் உள்ள லைனுக்கு இது தெரியவே தெரியாது. அந்த எண் ஏறியதைப் பார்த்தவுடன் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் மட்டும் இருந்தால் போதும், ஒரு மூளையைக் காப்பாற்றலாம்.

கழுத்தில் குத்தினால் பேச்சு வராதா, தலை நிற்காதா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். சரியான சிரையில் போட்ட லைனால் அப்படி எதுவும் ஆகாது. லைன் உள்ள பக்கம் முகமோ கழுத்தோ வீங்கினால் மட்டும் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

ஒற்றை வென்ட்ரிக்கிள் பிள்ளைகளின் கணக்கே வேறு

இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் சொல்ல நினைப்பது இங்கேதான். இடது பக்க இதயம் வளராமல் பிறக்கும் குழந்தை, மூவிதழ் வால்வே உருவாகாத குழந்தை போன்றவர்களுக்கு உடம்பு முழுவதற்கும் ஒரே ஒரு வென்ட்ரிக்கிள்தான். அவர்களின் சிகிச்சை படிப்படியாக நடக்கும். இடது இதயம் வளராதவர்களுக்குப் பிறந்த முதல் சில நாட்களில் நார்வுட் அறுவை, நான்கு முதல் ஆறு மாதத்தில் கிளென், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஃபான்டான். அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் வில்லியம் கிளென் 1958-ல் செய்து காட்டியதும், பிரான்சின் போர்தோ நகரில் பிரான்சிஸ் ஃபான்டான் 1968-ல் செய்ததும் ஒரே எண்ணத்தின் இரண்டு கட்டங்கள்: இதயத்தின் உந்துதல் இல்லாமலே சிரை ரத்தத்தை நேராக நுரையீரலுக்கு அனுப்புவது.

இப்போது செய்யும் கிளென் அறுவையில் மேற்பெருஞ்சிரையை வெட்டி நுரையீரல் தமனியோடு தைக்கிறார்கள். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் ரத்தம் முழுவதும் உந்துதல் ஏதுமின்றி, சிரையின் சொந்த அழுத்தத்தால் மட்டுமே நுரையீரலுக்குள் போக வேண்டும். அந்தச் சிரை தடையில்லாமல், அகலமாக, தழும்பில்லாமல் இருந்தாக வேண்டும். பிறந்த ஐந்தாம் நாளில் வசதியாக இருந்தது என்று கழுத்தில் போட்ட லைன், பத்து நாள் கழித்து மேற்பெருஞ்சிரையில் ரத்தக்கட்டை விட்டுச் சென்றால், அந்தப் பிள்ளைக்கு கிளென் கடினமாகலாம், செய்ய முடியாமலும் போகலாம். மேற்பெருஞ்சிரை அடைபட்டால் நிணநீர் வடியவும் இடமின்றி, பால்போல நெஞ்சுக்கூட்டில் தேங்கும். வாரக்கணக்கில் நெஞ்சிலிருந்து திரவத்தை வடிக்கும் டிரெயின் குழாயோடு, புரதமும் நோய் எதிர்ப்பு அணுக்களும் வெளியே கொட்ட, பிள்ளை இளைத்துப்போவதைப் பார்த்த எந்தக் குழுவும் மறுபடி இதை லேசாக எடுத்துக்கொள்ளாது.

அதனால் முதல் கட்ட அறுவைக்கு வரும் ஒற்றை வென்ட்ரிக்கிள் பச்சிளங்குழந்தைக்கு நான் கழுத்தைத் தொடுவதை விரும்புவதில்லை. தவிர்க்கவே முடியாமல் போட்டால், மிகச் சிறிய குழாய், மிகக் குறைந்த நாட்கள். சில மையங்கள் கழுத்தில் போட்டு ஓரிரு நாளில் எடுத்துவிடுகின்றன. அந்த ஒழுக்கம் உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படும் இடத்தில் அது ஏற்கத்தக்க வழிதான். "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்" என்று தள்ளிப்போடும் பழக்கமுள்ள ஐசியுவில் அது ஏற்கத்தக்கதல்ல.

கிளென் அறுவை நடக்கும் நாளில் நிலைமை மாறுகிறது. அன்று கழுத்து லைன் காட்டும் எண் நுரையீரல் தமனியின் அழுத்தமாகிவிடும், ஏட்ரியத்தில் உள்ள லைன் காட்டுவது இதயத்தின் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நுரையீரலைக் கடக்க ரத்தத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று சொல்கிறது. அந்த முதல் இரவுக்கு அதைவிட மதிப்பான தகவல் குறைவு. ஆகவே அளவில் சிறிய ஒன்றைக் கழுத்தில் போட்டு, மருந்துகளை வேறு லைனில் ஓடவிட்டு, அழுத்தம் நிலைத்ததும் முதல் வேலையாக எடுத்துவிட வேண்டும்.

தொப்புள் வழி

பிறந்த சில நாட்களுக்குள் அறுவைக்கு வரும் குழந்தைக்கு இயற்கையே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. தொப்புள் சிரை ஈரலுக்குள் நுழைந்து, டக்டஸ் வெனோசஸ் என்ற சிறு கால்வாய் வழியாக, உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தைக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கிறது. கழுத்துச் சிரையும் தொடைச் சிரையும் செலவாகாமல் மிஞ்சும் என்பதே இதன் பெரிய வரம். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த பிள்ளைக்கு, இரண்டு ஏட்ரியங்களுக்கு இடையிலான துளையைப் பெரிதாக்க 1966-ல் வில்லியம் ராஷ்கைண்ட் அறிமுகப்படுத்திய பலூன் சிகிச்சையையே சில நேரம் இதே வழியாகச் செய்துவிடலாம்.

குழாய் கால்வாயைத் தாண்டி மேலே போகிறதா, ஈரலுக்குள் திரும்பிவிடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரலுக்குள் நின்ற குழாயில் அடர்த்தியான மருந்து ஓடினால் ஈரல் திசு கெடும், ஈரலுக்கு வரும் பெருஞ்சிரையில் கட்டு ஏற்படும். நுனி கீழ்ப்பெருஞ்சிரையும் ஏட்ரியமும் சேரும் இடத்தில் நிற்க வேண்டும், எக்ஸ்-ரேயில் உதரவிதானத்தின் மட்டத்தில். வயிறு உப்பினால் அது நகரும், அதனால் ஒருமுறை பார்த்ததோடு விடக் கூடாது. நுரையீரல் சிரைகள் உதரவிதானத்துக்குக் கீழே வந்து சேரும் அரிய குறையில் தொப்புள் லைனைப் பற்றி இருமுறை யோசிக்க வேண்டும். குழாய் அந்தத் தவறான சிரைக்குள்ளேயே போய்விடக்கூடும்.

ஒரு வாரத்தில் எடுத்துவிடுவது நல்லது, இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது. ஆகையால் அறுவைக்கு முந்தைய நாட்களுக்கும், அறுவை முடிந்து முதல் சில நாட்களுக்கும் இது போதும். அதற்குப் பிறகு என்ன என்ற திட்டம் முன்பே இருக்க வேண்டும்.

தொடை இடுக்கு

அவசரத்தில் கை முதலில் போகும் இடம் இதுதான். மூச்சுக்குழாய்க்காகத் தலைமாட்டில் ஒருவர் போராடும்போது, நெஞ்சை இன்னொருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போது, யாரையும் நிறுத்தாமல் மூன்றாமவர் லைன் போடலாம். நுரையீரலில் குத்துப்படும் பயம் இல்லை. தமனியில் பட்டாலும் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். உயிர் போகும் நேரத்தில் தொடையில் போட்டவரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன்.

திட்டமிட்ட அறுவைக்கு, நேரம் இருக்கும்போது, யோசிக்காமல் தொடையைத் தொடுவதைத்தான் எதிர்க்கிறேன். முன்பே சொன்னதுபோல் அங்கே சிரை சிறியது. கால் வீங்கி நீலமாவது வெளியே தெரியும், சில நாளில் வடிந்தும் விடும். உள்ளே இடுப்புச் சிரை நிரந்தரமாக அடைபட்டுப்போனது பல ஆண்டுகள் கழித்து, சிரை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் பார்க்கும் கேத் லேபில் கம்பி மேலே போக மறுக்கும்போதுதான் தெரியவரும். கிளெனுக்கு முன், ஃபான்டானுக்கு முன், அதற்குப் பின்பும் அந்தப் பிள்ளைகளுக்குக் குழாய்ப் பரிசோதனை தேவைப்படும். ஒற்றை வென்ட்ரிக்கிள் பிள்ளைகளோடு இது முடிவதில்லை. ஃபாலோ நான்கு குறைக்கு (இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவி நோய்) ஐந்து மாதத்தில் முழுச் சீரமைப்பு செய்த பிள்ளைகளில் பலருக்கு, வளர்ந்த பிறகு நுரையீரல் வால்வு தேவைப்படுகிறது. 2000-ல் பிலிப் போன்ஹோஃபர் முதன்முதலில் செய்து காட்டியதிலிருந்து, நெஞ்சைத் திறக்காமல் சிரை வழியாகவே அந்த வால்வை வைக்க முடிகிறது. அந்த வால்வு ஏறும் வழி பெரும்பாலும் தொடைச் சிரைதான். ஐந்து மாதத்தில் அதைக் காப்பாற்றிக் கொடுத்தால், பதினைந்து வயதில் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு முறை நெஞ்செலும்பை அறுக்காமல் போகலாம்.

டயப்பர் நனையும் இடம் என்பதால் கிருமி அதிகம் என்ற வாதம் பழையது. பெரியவர்களிடம் காணும் அளவுக்கு அந்த வேறுபாடு குழந்தைகளிடம் தெளிவாக இல்லை. தொடையை நான் தள்ளி வைப்பது கிருமிக்காக அல்ல, பிற்காலத்துக்காக.

இன்னொரு சிறு குறிப்பு: உள்ளுறுப்புகள் இடம் மாறி அமைந்த சில பிள்ளைகளுக்குக் கீழ்ப்பெருஞ்சிரை பாதியில் நின்று, ரத்தம் முதுகெலும்பையொட்டிய அசைகஸ் சிரை வழியாக மேற்பெருஞ்சிரைக்குப் போகும். தொடையில் போட்ட நீளக் குழாய் அவர்களிடம் நாம் நினைக்கும் இடத்தில் நிற்காது.

அறுவை மருத்துவர் உள்ளிருந்து வைக்கும் லைன்

நெஞ்சு திறந்திருக்கும்போதே வலது ஏட்ரியத்தில் மெல்லிய குழாயை நேராக வைத்து, சுற்றிலும் தையல் போட்டு, நெஞ்சுத் தோல் வழியாக வெளியே எடுத்துவிடலாம். பச்சிளங்குழந்தைகளிடம் இது நான் மிகவும் மதிக்கும் வழி. எந்தச் சிரையும் செலவாவதில்லை. கண்ணுக்கு முன்னே வைப்பதால் நுனி எங்கே என்ற சந்தேகம் இல்லை. ஒற்றை வென்ட்ரிக்கிள் பிள்ளைக்குத் தொப்புள் லைனும் இதுவும் சேர்ந்தால் கழுத்தையும் தொடையையும் தொடாமலே முதல் அறுவையைக் கடந்துவிடலாம்.

இரண்டு விலை கொடுக்க வேண்டும். முதலாவது, இது கிடைப்பது அறுவையின் முடிவில்தான். மயக்கம் கொடுப்பதும் நெஞ்சைத் திறப்பதும் தொப்புள் லைனையோ, நன்றாக ஓடும் இரண்டு கை கால் ஊசிகளையோ நம்பித்தான் நடக்க வேண்டும். இரண்டாவது, எடுக்கும் நாள். இழுத்த இடத்திலிருந்து ரத்தம் கசிந்து இதயத்தைச் சுற்றித் தேங்கினால் நிமிடங்களில் இதயம் நெருக்கப்படும். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் தட்டணுக்களும் ரத்தம் உறையும் அளவும் பார்த்து, ரத்தம் தயாராக வைத்து, நெஞ்சு டிரெயின் குழாய் இன்னும் இருக்கும்போதே, பகலில், அறுவை மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருக்கையில் எடுக்க வேண்டும். டிரெயினை முதலில் எடுத்துவிட்டு ஏட்ரிய லைனைப் பிறகு எடுப்பது தலைகீழான வரிசை.

இடது ஏட்ரியத்தில் வைக்கும் லைன் தனி. அதில் புகும் ஒரு காற்றுக் குமிழி நேராக மூளைக்குப் போகும். அழுத்தம் அளக்க மட்டுமே அது.

மற்றவை, சுருக்கமாக

காரை எலும்புக்கு அடியில் குத்தும் பழைய முறையைக் கைக்குழந்தையின் இதய அறுவைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நுரையீரல் ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது, தமனியில் பட்டால் அழுத்த இடமில்லை. நெஞ்செலும்பை விரிக்கும் கருவி லைனை நெரித்துவிடவும் செய்யும்.

காரை எலும்புக்கு மேலிருந்து, அல்ட்ராசவுண்டில் ஊசியை முழு நீளமும் பார்த்துக்கொண்டே பிராக்கியோசெபாலிக் சிரையை (கழுத்துச் சிரையும் கைச் சிரையும் சேரும் பெரிய சிரை) எட்டும் முறை வேறு விஷயம். அந்தச் சிரை கழுத்துச் சிரையைவிடப் பெரியது. சுற்றியுள்ள திசு பிடித்து வைத்திருப்பதால், நீர் வற்றிய பிள்ளையிடமும் அது சப்பிப்போகாது. இரண்டு கிலோ குழந்தையிடம்கூட இது கைகொடுக்கிறது. நன்கு கற்றவர் செய்தால் கழுத்துக்குச் சமமான தேர்வு என்பேன். ஆனால் இதுவும் மேற்பெருஞ்சிரையின் கிளைதான். கிளெனுக்குப் போகும் பிள்ளையிடம் கழுத்துக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

கை அல்லது கால் சிரை வழியாக இதயம் வரை விடும் பிக் லைன் மெல்லியது, நீளமானது. அறுவை நாளின் அவசரத்தில் ரத்தம் ஏற்ற உதவாது. அறுவை முடிந்து வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும்போது நல்லது. ஒற்றை வென்ட்ரிக்கிள் பிள்ளைக்குக் கையைவிடக் காலின் மேற்தோல் சிரையில் போடுவதே மேல். எல்லாச் சிரையும் அடைபட்டுப்போன பிள்ளைகளுக்கு ஈரலைத் துளைத்து லைன் போடும் வழியும் இருக்கிறது. அந்த நிலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோகாமல் இருக்கத்தான் இவ்வளவு பேச்சு.

நான் எடுக்கும் முடிவுகள்

நான்கு மாதத்தில் கீழறைச் சுவர் ஓட்டையை அடைக்க வரும் பிள்ளைக்கும், ஃபாலோ சீரமைப்புக்கு வரும் பிள்ளைக்கும் வலது கழுத்து, அல்ட்ராசவுண்ட், 4 ஃப்ரெஞ்ச். இடம் மாறிய தமனிகளைச் சீரமைக்க இரண்டாம் வாரத்தில் வரும் குழந்தைக்குத் தொப்புள் லைன் நல்ல இடத்தில் இருந்தால் அதுவே, கூடவே அறுவை முடிவில் ஏட்ரிய லைன். தொப்புள் வழி கிடைக்காவிட்டால் தயங்காமல் கழுத்து, ஏனென்றால் இவர்களுக்கு இரண்டு வென்ட்ரிக்கிள்கள் உண்டு. நார்வுட் பிள்ளைக்குத் தொப்புளும் ஏட்ரியமும். தொப்புள் மூடிவிட்டது, கை கால் ஊசியும் நிற்கவில்லை என்றால் தொடையில் மிகச் சிறிய குழாய், ஏட்ரிய லைன் வந்ததும் அதை எடுத்துவிடுவது. இந்தக் கடைசி முடிவில் எனக்கு மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் உண்டு. கழுத்தில் ஒரே ஒரு நாள் வைப்பது தொடையைவிட மேல் என்பார்கள். சிரையின் அளவை மட்டும் பார்த்தால் அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. அடைபட்டால் என்ன இழப்போம் என்று பார்க்கும்போது நான் தொடைப் பக்கம் சாய்கிறேன்.

எங்கே போட்டாலும் சில காரியங்கள் மாறாது. இரண்டு முயற்சியில் கிடைக்காவிட்டால் ஊசியைக் கைமாற்ற வேண்டும். ஒவ்வொரு தவறிய குத்தும் ரத்தம் கட்டி, அடுத்தவருக்குச் சிரையை இன்னும் ஒடுக்கிவிடும். வலப்பக்க ரத்தம் இடப்பக்கம் கலக்கும் பிள்ளையிடம் எந்தக் குழாயிலும் ஒரு குமிழி காற்றும் போகக் கூடாது. பல ஐசியுக்களில் லைன் வழியாகச் சிறு அளவு ஹெப்பாரின் ஓடவிடுகிறார்கள், அது ரத்தக்கட்டை முழுதாகத் தடுத்துவிடும் என்று நம்பி லைனை நீட்டிக்கக் கூடாது. கிருமியும் கட்டும் நாட்களோடு சேர்ந்தே ஏறுகின்றன. காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு லைனையும் சுட்டிக்காட்டி "இது இன்றைக்கு எதற்கு?" என்று செவிலியர் கேட்க உரிமை இருக்க வேண்டும். பதில் சொல்ல முடியாத லைனை அன்றே எடுத்துவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவையின் பெயர் இருக்கும், மருந்துகள் இருக்கும். எந்தச் சிரையில் லைன் போட்டார்கள், எத்தனை நாள் இருந்தது, எங்காவது கட்டு ஏற்பட்டதா, பிறகு ஸ்கேனில் திறந்ததா என்பது பெரும்பாலும் இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த அறுவை வேறு ஊரில், வேறு குழுவிடம் நடக்கலாம். கழுத்தையும் தொடையையும் முன்பே ஸ்கேன் செய்து பார்க்க அந்த இரண்டு வரி அவர்களுக்குப் போதும்.